ஈரச்சாக்கு வைக்காத தீ

எங்கள் நகர் நலச் சங்கச் செயலாளர் பொய் சொன்னார். ஏரிப்பக்கம் தீ வைத்தது, ஈரச்சாக்கு என்று நாங்கள் கூப்பிடும் சாக்கு வியாபாரிதான் என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னார். அது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், என் எருமைகளுக்கும் தெரியும். இத்தனை வருஷமாக உண்மையைச் சொல்ல வாயைத் திறக்காதவர், இந்தப் போகிக்கு முன்னால் சங்கத்துச் சுவரில் வெள்ளையடித்து, குப்பை எரிக்க என்னென்ன விதிமுறை என்று நீல பெயின்டில் எழுதி, அடியில் ‘செயலாளர்’ என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். அதில் உள்ள ஒவ்வொரு விதியும் ஈரச்சாக்கு தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்தியது. படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ஈரச்சாக்கைப் போல நெருப்புக்குப் பயந்த மனிதர் கிடையாது. நெருப்பு பயந்த ஒரே மனிதரும் அவர்தான்.

அவருடைய தொழில் சாக்கு வியாபாரம். ரேஷன் கடை, அரிசி மண்டி, கேன்டீன் என்று சுற்றிக் காலிச் சாக்குகளை வாங்கி, ஓட்டை தைத்து, மாடு வைத்திருப்பவர்களுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் விற்பார். சைக்கிள் கேரியரில் காய்ந்த சாக்குகள் கோபுரமாக நிற்கும். ஹேண்டில்பாரில் மட்டும் எப்போதும் இரண்டு சாக்குகள் சொட்டச் சொட்ட நனைந்து தொங்கும். அவை விற்பனைக்கு அல்ல. வழியில் எங்கே குழாய் கண்டாலும் இறங்கி அவற்றை நனைத்துக்கொண்டுதான் மேலே போவார். எந்தத் தெருவுக்குள் போயிருக்கிறார் என்று தரையில் சொட்டியிருக்கும் தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவரே வந்துவிட்டால் தரையைப் பார்க்க வேண்டியதில்லை, மூக்கு போதும். ஊறிய சணலும் புளித்த தவிடும் சேர்ந்த அந்த நாற்றத்துக்கு என் எருமைகளே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் எங்கள் பருத்திப்பட்டில் பாதி நிலம் நெல், பாதி நிலம் மனைக்கல். எங்களைப் போன்ற பழைய குடும்பங்களுக்கு வைக்கோல் போரும் கீற்றுக் கொட்டகையும் இருந்தன. நடுநடுவே ஃபேக்டரிக்காரர்கள் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டம் உண்டோ அத்தனையிலிருந்தும் வந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு தீப்பெட்டிப் பழக்கத்தோடு வந்தார்கள். திருநெல்வேலிக்காரர் விளக்கு வைக்கும் நேரத்தில் கொசுவுக்கு வேப்பந்தழையைப் புகைய விடுவார். சேலத்துக்காரர் விடியும்போதே வாசல் குப்பையை வாசலிலேயே கொளுத்துவார். மதுரைக்காரர் குப்பைக்குத் தீ வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவார். கோடையில் ஏரி வற்றி, ஆள் உயரத்துக்குக் கோரை காய்ந்து நிற்கும். எங்காவது புகை வாசனை வந்தால் கறக்கிறதைப் பாதியிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து பார்ப்பேன். இன்றைக்கும் அப்படித்தான். தீயணைப்பு வண்டி எங்கள் மண் பாதையில் வந்து சேருவதற்குள் சாம்பலுக்குப் பால் ஊற்றிவிடலாம்.

ஈரச்சாக்குக்கு யாரும் பதவி கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். எரிக்கப் போகும் குவியலைச் சுற்றி மண் தெரிய வட்டம் செதுக்க வேண்டும். முதலில் தண்ணீர்க் குடம் வர வேண்டும், பிறகுதான் தீப்பெட்டி. தீ வைத்தவன் அது அணைகிற வரைக்கும் உட்காரக் கூடாது. கடல்காற்று வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். கடைசியில் சாம்பலுக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுட்டால் இன்னொரு குடம். இவ்வளவுதான் அவர் சட்டம். இதில் ஒன்று தவறினாலும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, சாக்கைச் சுழற்றிக்கொண்டு உள்ளே புகுந்துவிடுவார். கேட்டுக்குப் பூட்டு போட்டிருந்தால் சுவர் ஏறிக் குதிப்பார்.

ஒருநாள் டீக்கடையில் ஒரு ஆள் பீடியைக் குடித்துவிட்டு அணைக்காமல் ரோட்டில் விட்டெறிந்தான். வைக்கோல் வண்டி போகிற ரோடு. ஈரச்சாக்கு குனிந்து அந்தப் பீடியை எடுத்தார். நிதானமாக நடந்துபோய் அந்த ஆள் குடித்துக்கொண்டிருந்த டீயிலேயே போட்டார். கிளாஸில் சுர்ரென்றது.

அந்த ஆள் எழுந்து நின்றான். “இன்னா நைனா, பீடி உன்ன இன்னா பண்ச்சு?”

“அது ஒண்ணியும் பண்ல மாமே. அணையாம உங்கையிலேர்ந்து பூட்ச்சு. அதான் திருப்பிக் குட்த்தேன்.”

போகி வந்தால் அவருக்குத் தூக்கமே கிடையாது. பையன்கள் டயர் சேர்த்து வைப்பார்கள். டயர் எரிந்தால் அணைக்க முடியாது, உருகி ஒழுகிப் பக்கத்துக் கூரை வரைக்கும் போகும் என்பது அவர் வாதம். ஒரு வருஷம் டயர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் ஒளித்து வைத்தார். பையன்கள் கண்டுபிடித்து மீட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் ஒளிக்கவில்லை. இருப்பதிலேயே பெரிய லாரி டயராகப் பார்த்து அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பையன்கள் மேளத்தைக் கொண்டுவந்து அவரைச் சுற்றியே தட்டினார்கள். சூரியன் உச்சிக்கு வரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. தெருவில் போன ஒரு அம்மா ஏதோ சாமியார் என்று நினைத்து வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனாள்.

என்னையும் அவர் விட்டதில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு இருந்தது நான்கு எருமை, ஒரு கொட்டகை, ஒரு வைக்கோல் போர். அந்தப் பாலை ஊற்றித்தான் பெண்ணைப் படிக்க வைத்தேன். கொட்டகையில் கொசுவுக்கு வறட்டி மூட்டம் போட்டால் எங்கிருந்தோ வந்து குந்திக்கொள்வார். புகை அடங்கும் வரைக்கும் போக மாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கத்திவிட்டேன். எருமைக்குக் கொசு கடிக்கிறது, உமக்கு என்னய்யா போச்சு என்று கேட்டேன்.

“கொசு கட்ச்சா தழும்பு வரும் தங்கச்சி. தீ கட்ச்சா இன்னா வரும்?” என்றார்.

கேள்விக்குப் பதிலாகக் கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு அவருக்கு மோர்கூடக் கொடுக்கவில்லை.

செயலாளரோடு அவருக்குப் பகை வந்தது கிரகப்பிரவேசத்தில். செயலாளர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஃபேக்டரி ஆபீசில் உத்தியோகம். எங்கள் நகரில் முதல் மாடி வீடு அவருடையதுதான். வாசலில் புத்தம் புதுக் கீற்றுப் பந்தல், அதற்கு அடியிலேயே ஹோம குண்டம். அந்த நேரம் பார்த்து ஈரச்சாக்கு தெருவில் வந்தார். பந்தலைப் பார்த்தார், குண்டத்தைப் பார்த்தார், நேராக உள்ளே வந்து சாஸ்திரிகளுக்குப் பக்கத்தில் சாக்கோடு உட்கார்ந்தார். பட்டுப்புடவைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தன.

சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டு யாரப்பா நீ என்று கேட்டார். “நீ பாட்டுக்குச் சொல்லு சாமி. நான் கூரையப் பாத்துக்கினு கீறேன்” என்றார் இவர்.

கடைசியில் நெய்யை மொத்தமாகச் சாய்த்தார்கள். தீ எழும்பிப் பந்தலின் ஒரு கீற்றை நக்கியது. அடுத்த நொடி ஈரச்சாக்கு ஹோம குண்டத்தின்மேல் இருந்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம், வீடு முழுக்கப் புகை. புகை விலகியபோது செயலாளரின் சம்சாரம் அபசகுனம் என்று அழுதுகொண்டிருந்தார். செயலாளர் முகத்தில் கரி. ஹோமத்தையே அணைத்துவிட்டாயே, உருப்படுவாயா என்று குதித்தார்.

“ஹோமம் நாளிக்கும் பண்லாம் சார். ஊடு நாளிக்குக் கெடைக்குமா?” என்று ஈரச்சாக்கு கேட்டார். கேட்டுவிட்டு, கருகிய அந்தக் கீற்றை எட்டிப் பறித்துச் செயலாளர் கையில் கொடுத்தார். அங்கேதான் கெட்டது. நானும் அங்கே பால் ஊற்ற வந்திருந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் சொம்போடு வெளியே போய்விட்டேன். செயலாளர் அதையும் பார்த்திருப்பார்.

இனி ஏரிப்பக்கம் தீப் பிடித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நல்ல கோடை. ஏரிப்பக்கத்து மனைகளில் பாம்பு நடமாட்டம் என்று சொல்லி, அங்கே மண்டிக் கிடந்த வேலிக்காத்தான் முள்ளை வெட்டி எரிக்கச் சங்கத்தில் முடிவு செய்தார்கள். ஈரச்சாக்கு முதல்நாளே போய்ச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்: விடிந்ததும் கொளுத்துங்கள், வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள், வேலிக்காத்தான் வேரில் தீ இறங்கினால் மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். செயலாளர் சரி சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சங்கத்துக்காரர்கள் டிபன் முடித்து வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் வந்தார்கள். நான் கரைமேல் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். செயலாளர் பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தித் தன் கையாலேயே வைத்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். அப்போது மேல்காற்று அடித்தது. தீ எங்களுக்கு எதிர்ப்பக்கமாக, வெறும் ஏரிமண்ணைப் பார்த்துச் சாய்ந்தது. பார்க்க அடக்கமாகத்தான் இருந்தது. முள் எரிந்து முடிந்ததும் மேலே ஒரு குடம் ஊற்றினார்கள். வட்டமும் இல்லை, காவலும் இல்லை. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வீட்டுக்குப் போனார்கள். தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பும். காலையெல்லாம் மேற்கிலிருந்து அனலாக அடித்தது நின்று, கிழக்கிலிருந்து கடல்காற்று வரும். அப்பாடா என்று எல்லோரும் ஜன்னலைத் திறப்பார்கள். எனக்கு அந்த நேரம்தான் பயம். அன்றைக்கும் காற்று திரும்பியது. கொஞ்ச நேரத்தில் பட்பட்டென்று சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் கோரை எரிகிறது. சுவர் மாதிரி எழும்பி என் கொட்டகையைப் பார்த்து வருகிறது. வழியிலிருந்த சங்கத்துக் கீற்றுக் கொட்டகை, கேரம் போர்டும் நாற்காலிகளும் வைத்திருந்த இடம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொண்டது. என் கொட்டகையில் ஒரு எருமை நிறை சினை. படுத்தால் எழுந்திருக்காது. கயிற்றை அவிழ்க்கிறேன், முடிச்சு வர மாட்டேன் என்கிறது.

ஈரச்சாக்கு வந்துவிட்டார். வந்ததும் அவர் கேட்டது தண்ணீர் இல்லை.

“தங்கச்சி, நெருப்புப் பொட்டி குடு” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாழ்நாள் முழுக்க ஊரான் தீப்பெட்டியைப் பிடுங்கிய மனிதர், என் வீடு பற்றப் போகும் நேரத்தில் தீப்பெட்டி கேட்கிறார். அண்ணாத்தே, உமக்குப் புத்தி கலங்கிப்போச்சா என்று கத்தினேன். அடுப்படிக்குள் போய் அவரே எடுத்துக்கொண்டார். கொட்டகைக்கும் கோரைக்கும் நடுவே வண்டிப்பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதையின் அந்தாண்டைப் பக்கம் குனிந்து, புல்லில் வரிசையாகத் தீ வைத்துக்கொண்டே போனார். வைத்த தீ எங்கள் பக்கம் தாண்டாமல் ஒரு சாக்கால் அடித்துக்கொண்டே போனார். இன்னொரு சாக்கை என்னிடம் எறிந்தார். நானும் அடித்தேன்.

பயிர் செய்தவர்களுக்கு இது தெரியும். வரும் தீக்குத் தின்ன எதுவும் இல்லாமல், அதற்கு முன்னால் நாமே ஒரு பட்டையாக எரித்துவிடுவது. எனக்கே நாலு அடி அடித்த பிறகுதான் மண்டையில் ஏறியது. பெரிய தீ வந்தது, கருகிய பட்டை வரைக்கும் வந்து நின்றது, கொஞ்ச நேரம் முறைத்தது, படுத்துவிட்டது. என் போரில் ஒரு வைக்கோல்கூடக் கருகவில்லை. ஈரச்சாக்குக்குப் புருவம் இரண்டும் போய், வலது கை தோல் உரிந்து தொங்கியது.

ஆனால் செயலாளர் தூக்கத்திலிருந்து எழுந்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்த நேரம் எது தெரியுமா? அந்த மனிதர் குனிந்து புல்லில் தீக்குச்சி உரசிக்கொண்டிருந்த நேரம். நாற்காலியை விட்டு இறங்கி விவசாயம் பார்த்திராத கூட்டம் பின்னாலேயே வந்தது. அவர்களும் அதைத்தான் பார்த்தார்கள்.

தீ அடங்கியதும் ஈரச்சாக்கு உட்காரவில்லை. தீ எங்கிருந்து வந்தது என்று கருகிய தடம் போன வழியிலேயே திரும்பி நடந்தார். நானும் போனேன். அது காலையில் முள் எரித்த இடத்தில் போய் நின்றது. ஒரு வேலிக்காத்தான் வேர், மேலே ஈரச் சாம்பல், உள்ளே சிவப்பு. இடது கையை உள்ளே விட்டுச் சட்டென்று எடுத்தார்.

“பாரு. இன்னும் உசுரோட கீது” என்றார். யாரையும் திட்டவில்லை. நான் ஓடிப்போய்க் கொண்டுவந்து ஊற்றிய ஒரு குடம் அதற்குப் போதவில்லை.

அன்று சாயங்காலமே கூட்டம் போட்டார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்தார். முள் எரித்த தீயைத் தாங்கள் காலையிலேயே முறையாக அணைத்துவிட்டதாகவும், கிரகப்பிரவேசத்தில் அவமானப்பட்ட ஆள் பழி தீர்க்கத் தீ வைத்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகவும் சொன்னார். அவமானப்பட்டது யார் என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. கையில் வாழையிலை சுற்றிக்கொண்டு ஓரமாக நின்றிருந்த ஈரச்சாக்கை முன்னால் இழுத்து வந்தார்கள்.

“நீ கொளுத்தினியா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு” என்றார் செயலாளர்.

“கொளுத்தினேன் சார்.”

உண்மைதானே. வேறு என்ன சொல்வார்? மேற்கொண்டு காற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. அவர் முகத்தில் பதற்றம். தன் பெயர் போவதைப் பற்றி இல்லை. “அத்த விடுங்க சார், அந்த வேரு இன்னும் அணையல. யாராவது ரெண்டு கொடம் தண்ணி கொண்ணாந்து ஊத்துங்க” என்று கெஞ்சினார். அதற்கும் சிரித்தார்கள்.

நான் எழுந்து, தீ வைத்தது யார், அணைக்காமல் போனது யார் என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். செயலாளர் சிரித்தபடி மைக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: “பால்காரம்மாவுக்கு அவர் ரொம்ப வேண்டியவர், அப்படித்தான் பேசுவாங்க.” தாலி அறுத்தவளைப் பார்த்து நூறு பேர் முன்னால் சொன்ன வார்த்தை. அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை. கூட்டம் கலைந்ததும் நானும் என் பெண்ணும்தான் குடம் குடமாகக் கொண்டுபோய் அந்த வேரை அணைத்தோம்.

போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. ஈரச்சாக்கு என்ற பெயரை எடுத்துவிட்டுக் கொள்ளிக்கட்டை என்று வைத்தார்கள். அவரைப் பார்த்தால் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். ரேஷன் கடையிலும் மண்டியிலும் அவருக்குச் சாக்கு போடவில்லை. மழைக்காலம் வருவதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நசரத்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. கொட்டகை வாசலில் ஒரு புதுச் சாக்கு மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இப்போதும் அவர் அங்கேதான் இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன். வலது கை விரல்கள் மடங்கியபடியே இருக்கின்றன. காதும் மந்தமாகிவிட்டது. எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். வைக்கோல் போர் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். என்னைப் பற்றி அப்புறம்தான். சங்கத்துச் சுவரில் அவருடைய விதிகளைச் செயலாளர் தன் பெயரில் எழுதிவைத்திருப்பதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டார். வட்டம் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

“சாம்பல்ல கை வெக்கச் சொல்லி எழுதிகீறாங்களா?”

இல்லை என்றேன். அது ஒன்றைத்தான் செயலாளர் விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று செயலாளருக்கும் எனக்கும் தெரியும்: அன்றைக்குச் சாம்பலில் கை வைக்காமல் போனவர் அவர். ஈரச்சாக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். அது இல்லையென்றால் மற்றது எல்லாம் வீண் என்றார், யாரிடமாவது சொல்லி உடனே எழுதச் சொல் என்றார். நான் பஸ் ஏறும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

செயலாளரே, நீங்கள் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர் என்று எனக்குத் தெரியும். பொங்கல் கழிந்து சங்கத்தின் பொதுக்கூட்டம் வருகிறது. அன்றைக்கு அவரை நான் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். ஏரிப்பக்கம் தீ வைத்தது யார், அணைக்காமல் சாப்பிடப் போனது யார் என்று எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.